எல்லா வளாகத்துக்கும் ஒரே கடவுச்சொல்

தூத்துக்குடியில் அந்தக் கல்லூரிக்கு நான் முதல் நாள் போனபோது என்னை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நான் பார்க்க வேண்டிய பேராசிரியர் விடுப்பில் இருந்தார். துறை அலுவலகத்தில், நான் வருவதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்றார்கள். வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த உடம்பு. கேமராப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அப்போது கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், வைஃபை தானாகவே இணைந்திருந்தது.

நான் எதையும் அழுத்தவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. என் பல்கலைக்கழகம் வடக்கே, ஓர் இரவு ரயில் தூரத்தில் இருந்தது. அங்கே எனக்குக் கொடுத்த ஐடியும் பாஸ்வேர்டும், கல்வி நிறுவனங்கள் கூடி வைத்திருக்கும் பொது வைஃபை ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிற எந்தப் பல்கலைக்கழகத்திலும் எந்தக் கல்லூரியிலும் செல்லும். வளாகத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள கருவி, என் பெயரோடு ஒட்டியிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து அங்கே கேட்டனுப்பும்: இவள் உங்கள் ஆள்தானா? ஆமாம் என்று பதில் வந்தால் கதவு திறக்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பல வருடங்களாக ஒப்பந்த வேலைகளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவள் நான். ஒரு திட்டம் முடியும், அடுத்தது தொடங்கும். அடையாள அட்டையின் நிறம் மட்டும் மாறும். எங்கே போனாலும் முதல் வேலை, இணையத்துக்கு யாரைக் கேட்பது என்று கண்டுபிடிப்பதுதான். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். அவர் சாப்பிடப் போயிருப்பார். கடைசியில் யாரோ ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிக் கொடுப்பார்கள். அது மறுநாள் செல்லாது. அதனால், தூத்துக்குடியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, எங்கோ இருக்கிற ஒரு சர்வர் என்னைத் தெரியும் என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதில் ஆறுதலடைய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவ்வளவு களைப்பாக இருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் வேலை முத்துச்சிப்பிப் பார்களைப் பார்ப்பது. கடலடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் இங்கே பார் என்பார்கள். சிப்பி அதில்தான் ஒட்டி வளரும். முத்துக்குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோய்விட்டது. சிப்பி திரும்பி வருகிறதா என்று யாராவது அவ்வப்போது திட்டம் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இந்த முறை பார்க்கிற ஆள் நான். விடியும்போது வள்ளத்தில் போவோம். சங்கு எடுக்கிற குளியாளி ஒருவர் கேமராவோடு கீழே இறங்குவார். நான் மேலே இருந்து கயிறு பிடித்து, இடத்தைக் குறித்துக்கொள்வேன். மதியம் கரைக்கு வந்து, குளித்து, கல்லூரிக்குப் போய் அன்றைய வீடியோக்களை எங்கள் பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் ஏற்றுவேன். ஏற்றி முடித்தபிறகு மெமரி கார்டை அழித்து, மறுநாளைக்குத் தயார் செய்வேன். என்னிடம் இருந்த கார்டுகள் கொஞ்சம்தான்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே இருந்த படிக்கட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் அண்ணாச்சி பழக்கமானார். அந்த வளாகம் முழுவதற்கும் நெட்வொர்க் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். ஐம்பது தாண்டியவர். ஆத்தூரிலிருந்து தினமும் பைக்கில் வருவார். வரும் வழியெல்லாம் லாரிகளின் தூசி. சட்டைக் கழுத்தில் அது எப்போதும் ஒரு கோடாக இருக்கும். வந்ததும் முகம் கழுவுவார். துடைத்து முடிப்பதற்குள் யாராவது வந்து, லேபில் நெட் இல்லை என்பார்கள்.

"ஒழுங்கா ஓடுதன்னைக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான் மேடம்," என்றார் ஒருநாள். "நின்னு போச்சுன்னாதான் நான் ஒருத்தன் இங்கன இருக்கதே தெரியும்."

"உங்களுக்கு உதவிக்கு ஆள் போடலியா அண்ணாச்சி?"

"போடுதோம் போடுதோம்னு சொல்லுதாவ."

அப்போதுதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இந்தப் பக்கமா மேடம்? பேச்சு நம்ம பேச்சால்ல இருக்கு?"

"இங்கன தெக்க, பெரியதாழை."

"அடப்பாவமே! நான் வடக்க உள்ளவியன்னுல்லா நெனச்சேன். சொந்த ஊர்ல வந்து விசிட்டர் லாகின்ல உக்காந்திருக்கீய."

இருவரும் சிரித்தோம். அதன்பிறகு அவர் டீ வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார்.

ஒருநாள் கடலிலிருந்து வந்து, வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பாஸ்வேர்டு கேட்டது. அதுவரை ஒருமுறைகூட அது என்னிடம் கேட்டதில்லை. அடித்தேன். மறுபடியும் கேட்டது. போனிலும் அதே கதை. உள்ளே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நெட்வொர்க்க மறக்கச் சொல்லிட்டு மறுபடி சேத்துப் பாருங்க," என்றார்.

சேர்த்துப் பார்த்தேன். இணையவில்லை.

"ரீஸ்டார்ட்?"

செய்தேன். அவர் எழுந்து போய், படிக்கட்டுக்கு மேலே சுவரில் இருந்த வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து, நெட் போய்விட்டது என்று புகார் சொன்னார்கள். பெட்டி மறுபடி எரிந்தது. எனக்கு மட்டும் இணையவில்லை. என் போனைத் தன் கையில் வாங்கித் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தார். பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கச் சொல்லி, நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் அப்படியே கழிந்தது. கை முழுக்க உப்பு காய்ந்து அரித்தது. அன்று குளிக்காமலே வந்திருந்தேன்.

கடைசியில் தன் நாற்காலியில் உட்கார்ந்து சர்வரின் பதிவுகளைத் திறந்தார். வரிவரியாக ஓடின. என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். நாங்க கேக்கோம். உங்க யூனிவர்சிட்டிலேர்ந்து ரிஜெக்ட்னு வருது."

"ரிஜெக்ட்னா? பாஸ்வேர்டு தப்புன்னா?"

"தப்புன்னாலும் இதான் வரும். ஆளே இல்லன்னாலும் இதான் வரும். காரணம் எங்களுக்குச் சொல்லாது. அங்கன போன் போட்டுக் கேளுங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று எங்கள் கணினி மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவள் சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும், மரியாதையாகத்தான் பேசினாள். ஐடியைச் சொன்னேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ப்ராஜெக்ட் ஸ்டாஃபா மேடம்? உங்க எண்ட் டேட் முடிஞ்சிருச்சு. அதனால அக்கவுண்ட் க்ளோஸ் ஆயிருக்கு."

"யார் க்ளோஸ் பண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேணாம் மேடம். தேதி வந்தா சிஸ்டம் அதுவே பண்ணிக்கும்."

நன்றி சொல்லி வைத்தேன். ஏன் நன்றி சொன்னேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்து, பல்கலைக்கழகத்தில் இருக்கும் எங்கள் திட்டத் தலைவருக்குப் போன் போட்டேன். பேராசிரியர், கெட்டவர் அல்ல. என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாக, "இன்னைக்கு கடல் எப்படிம்மா இருந்துச்சு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அச்சச்சோ. உங்ககிட்ட யாருமே சொல்லலையா? எக்ஸ்டென்ஷன் ஃபைல் மேல போயிருக்கும்மா. எப்ப வேணாலும் வந்துரும். நீங்க அதப் பத்திக் கவலப்படாம வேலையப் பாருங்க."

"சார், நான் இப்ப வேலையில இருக்கேனா, இல்லையா?"

"டெக்னிக்கலா பாத்தா…" என்று இழுத்தார். பிறகு, "ஆர்டர் வந்தா முன் தேதியிலேர்ந்தே போட்டுருவாங்க. அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான்," என்றார்.

"நாளைக்கு நான் கடலுக்குப் போகணுமா?"

"போனா நல்லதுதானே? சீசன் போயிருச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

திரும்பி உள்ளே போனேன். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். "எங்க கல்லூரி கெஸ்ட் லாகின் ஒண்ணு போட்டுத் தாரேன். இன்னைக்கி எடுத்ததயாவது ஏத்துங்க," என்றார். போட்டும் கொடுத்தார். நெட் வந்தது. ஆனால் வீடியோக்களைச் சேர்க்க வேண்டிய சேமிப்பு பல்கலைக்கழகத்தினுடையது. அதைத் திறக்கவும் அதே ஐடிதான். அதுவரை எடுத்தது எல்லாம் அதற்குள் இருந்தது. ஓடும் நெட்டை வைத்துக்கொண்டு, பூட்டிய கதவை வெறும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலில் எழுந்து வழக்கம்போல வள்ளம் நிற்கும் இடத்துக்குப் போனேன். பழக்கம்தான் கூட்டிக்கொண்டு போனது. எங்களோடு வரும் குளியாளி முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தது; காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கேமராப் பெட்டியை வள்ளத்தில் ஏற்றக் குனிந்தவள் அப்படியே நின்றேன். அவர் மூச்சைப் பிடித்து அடியில் இருக்கும்போது ஏதாவது ஆனால் எந்த அலுவலகத்துக்கு நான் போன் செய்வேன்? யார் என்று சொல்வேன்?

"என்ன, ஏறலியா?" என்றார்.

"இன்னைக்கி வேண்டாம் அண்ணே. எனக்கு வேலை முடிஞ்சிருக்காம். நேத்துதான் தெரிஞ்சுது."

"முடிஞ்சிருக்காமா?" அவருக்கு நான் சொன்னது பிடிபடவில்லை. திரும்பவும் விளக்கினேன். "அப்ப நாங்க சங்குக்குப் போறோம்," என்றார். போகும்போது, "சரியானா சொல்லிவிடுங்க, வாரோம்," என்று கை காட்டினார். இத்தனை வருடத்தில் யாராவது செய்யச் சொன்ன வேலையை வேண்டாம் என்று நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பெருமை ஒன்றும் தோன்றவில்லை. தூக்கம்தான் வந்தது.

அறையைப் பூட்டிவிட்டுப் பெரியதாழைக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தான். வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் துப்பிவிட்டு வந்தான்.

"ஏளா, என்ன வேலைநாள்ல வந்து நிக்க? மேலுக்குச் சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. சைன் ஆஃப் ஆயிட்டேன்."

ஒப்பந்தம் முடிந்து இறங்கிவிட்டதைக் கப்பல்காரனுக்குக் கப்பல் பாஷையில் சொன்னேன். உள்ளே உட்கார வைத்து, மதினி கொடுத்த காப்பியை முதலில் குடிக்கச் சொன்னான். முழுக்கச் சொன்னபிறகு அவனுக்குக் கோபம் வந்தது.

"எங்க கம்பெனிக்காரன் எம்புட்டோ கெட்டவன். ஆனா காண்ட்ராக்ட் முடியுதுக்கு முன்னாடியே சொல்லிருவான். எறக்கிவிட்டா வீடு வரைக்கும் டிக்கெட்டும் போட்டுத் தருவான். ஒன்னய நடுக்கடல்ல விட்டுட்டு, வைஃபைய விட்டுச் சொல்லச் சொல்லியிருக்காவளே?"

"வைஃபை சொல்லல. அது கேட்டுச்சு. அவங்கதான் இல்லன்னு சொன்னாங்க."

"நீ ஏன் இன்னும் அவியளுக்காகப் பேசுத?"

மதினி விரித்துப் போட்ட பாயில் படுத்தேன். அன்று முழுவதும் தூங்கினேன். மறுநாளும் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினேன். மாதா கோவில் மணி அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் விழிப்பு வரும். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் மறுபடி கண் சொருகும். என்னிடம் இவ்வளவு தூக்கம் சேர்ந்து கிடந்தது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பேராசிரியரின் போன் அடுத்த வாரம் வந்தது. ஃபைல் இன்னும் நகரவில்லை. ஆனால் கணினி மையத்தில் பேசி என் அக்கவுண்டைக் கொஞ்ச நாளைக்குத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வேலைக்காக அல்ல, ஒப்படைப்புக்காக. "எந்த வீடியோ எந்தப் பார், எந்தப் பக்கம், அதெல்லாம் உங்க ஒருத்தருக்குத்தாம்மா தெரியும். கொஞ்சம் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா…"

அண்ணன் போக வேண்டாம் என்றான். நான் போனேன். பேராசிரியருக்காக அல்ல. எழுதி வைக்காவிட்டால் அத்தனையும் வெறும் பச்சைத் தண்ணீராகத்தான் கிடக்கும். எத்தனை விடியல்கள் கயிறு பிடித்து உள்ளங்கை தோலுரிந்தவள் நான்.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் போன் பழையபடி இணைந்துகொண்டது. அதைப் பார்க்க முன்பு போல எதுவும் தோன்றவில்லை. அண்ணாச்சி கம்ப்யூட்டர் அறைக்குள்ளேயே மேசையின் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். "படியில உக்காந்து முதுகு போயிரும்," என்றார். ஒவ்வொரு வீடியோவாக ஓடவிட்டுப் பார்த்து, எழுதிக்கொண்டே போனேன். மணல். பாறை. கடல்பாசி. மணல். ஒரு திருக்கை. மறுபடி மணல். அவர் ஒரு பக்கம் போனில், "அந்த வயரப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க சார்," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார். மேலே மின்விசிறி சுற்றும்.

அக்கவுண்ட் மூடப்படுவதற்கு முந்தைய நாள், வெறும் பார் என்று நான் எப்போதோ குறித்து வைத்திருந்த ஒன்றின் வீடியோவை ஓடவிட்டேன். குளியாளி திரும்பும்போது கேமரா சாய்ந்து, பாறையின் அடிப்பக்கம் ஒரு நொடி தெரிந்தது. நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். கறுப்பாக, நகக்கண் அளவில், நெருக்க நெருக்கமாக ஒட்டியிருந்தன. சிப்பிக் குஞ்சுகள். வள்ளத்தில் சின்னத் திரையில், வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது தப்பியிருக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாங்களேன்."

வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். "எங்க?"

"இந்தா, இந்தக் கறுப்பு."

"இதுவா? இது என்னது?"

"முத்துச்சிப்பி. குஞ்சு. இங்க இல்லவே இல்லன்னு எழுதி வச்சிருந்தேன்."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "சின்னதா இருக்கே," என்றார். பிறகு, "இதுல முத்து இருக்குமோ?" என்று கேட்டார்.

"இருக்காது அண்ணாச்சி. வளரணும். வளர்ந்தாலும் ஆயிரத்துல ஒண்ணுலதான். பாதிக்கு மேல மீனே தின்னுரும்."

"ஓ," என்றார். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் உடனே போய்விடவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் அந்த நொடியை மறுபடி மறுபடி ஓடவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சொல்ல ஆள் வேண்டியிருந்தது, ஒருவர் இருந்தார்.

குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதினேன். பேராசிரியருக்கும் போன் செய்து சொன்னேன். "பிரமாதம்மா, பிரமாதம்," என்றார். ஒரு கூட்டத்தில் இருந்திருப்பார் போல. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மறுநாள் மதியம், கடைசி வரிகளை எழுதிச் சேமித்த கொஞ்ச நேரத்தில் திரை என்னை வெளியே தள்ளியது. போனிலும் நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "போயிருச்சோ?" என்றார். தலையாட்டினேன். பெட்டியைப் பஸ் ஸ்டாண்டுவரை தன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்வரை நின்றார். "வாங்க மேடம்" என்றுதான் சொன்னார். போங்க என்று சொல்லவில்லை.

தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நாளெல்லாம் குளிர். கையுறைக்குள் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போகும். ஆனால் மாதம் பிறந்தால் நான் யார் என்று யாரும் மறுபடி கேட்பதில்லை. சில மாதங்கள் கழித்துப் பேராசிரியர் கூப்பிட்டார். நீட்டிப்பு வந்துவிட்டது, திரும்பி வர முடியுமா என்று கேட்டார். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். அடுத்த நிதியாண்டு முடியும்வரை என்றார். "இல்ல சார்," என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வேறு யாரையோ எடுத்தார்களாம். நல்ல பையன் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை குளியாளியின் போன் வந்தது. "நாளைக்கு, நீங்க சிப்பிக்குஞ்சு இருக்குன்னு சொன்ன அந்தப் பார் பக்கம்தான் போறோம். சும்மா வாரீயளா?"

போனேன். கேமரா இல்லை. எழுதுவதற்கும் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் மூழ்கிய இடத்தில் குமிழிகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

"ஒரே கலங்கல். கைய நீட்டுனா கை தெரியல."

"தடவிப் பாத்தியளா?"

"பாத்தேன். பாறைதான் தட்டுச்சு. சொரசொரன்னு இருந்துச்சு. சிப்பியா என்னன்னு சொல்லத் தெரியல."

இன்னொரு முறை இறங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் சங்கு தேடி அடுத்த இடத்துக்குப் போனார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பலகையில் சாய்ந்தேன். திங்கட்கிழமை இரண்டு லோடு இறால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கரை திரும்பும்வரை வெயில் உறைக்கத்தான் செய்தது.